விளக்கடி இருள்: மேற்களனி நீர்வலுத் திட்டங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அந்நாடு ஆக்கும் மின்சாரத்தின் அளவைக் கொண்டு மதிப்பது இக்காலத்து வழக்கமாகும். அளவு வேண்டற்பாலதே, எனினும் அதுவே முடிந்த முடிபான அளவுகோல் ஆகாது. ஆக்கப்பட்ட மின்சாரம் யார் வீட்டில் விளக்காயிற்று, யார் வீட்டைத் தொடாது கடந்து சென்றது, அதன்பொருட்டு யார் எதனை இழந்தனர் என்னும் வினாக்களையும் உடன் எழுப்பினாலன்றி மதிப்பீடு நிறைவுறாது. இலங்கையின் பெருநீர்வலு முயற்சி பிறந்து வளர்ந்த கினிகத்தேனைப் பகுதியை இவ்வினாக்களோடு நோக்குவதும், மின்சாரத்துறைச் சீர்திருத்தம் என இன்று பேசப்படுவதனை அந்நோக்கிலே எடைபோடுவதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கினிகத்தேனை, அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி முதன்முதல் மழையைக் கொட்டும் பகுதி அது. அண்டையிலுள்ள வட்டவளை, நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஹோட்டன் சமவெளிக்கும் சிவனொளிபாத மலைக்கும் இடைப்பட்ட மலைகளிலே தோன்றும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு ஆறுகளும் தேயிலைத் தோட்டங்களினூடே ஓடி, அபடீன், லக்சபான என்னும் அருவிகளாய் வீழ்ந்து, பின்னர் ஒன்றுகூடிக் களனி கங்கை எனப் பெயர் பெறுகின்றன. மிகுந்த மழையும் செங்குத்தான வீழ்ச்சியும் ஓரிடத்தே அமைந்தமையே இப்பகுதியின் சிறப்பு. நீர்வலுவுக்கு வேண்டிய பொருள்கள் இவ்விரண்டுமே. ஒரு கன மீற்றர் நீர் 367 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குமாயின், இழப்பேதும் இல்லையெனக் கொள்ளும்போது, அது தரும் வலு ஓர் அலகு மின்சாரத்துக்குச் சமமாகும். நீர் குறையின் உயரம் வேண்டும். உயரம் குறையின் நீர் வேண்டும். மேற்களனி நிலத்துக்கு இரண்டும் வாய்த்தன.

இவ்வாய்ப்பைக் கணக்கிட்டு எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர (1874–1953). நுவரெலியா நகருக்கு ஒளி தருதற்பொருட்டுப் பிளக்பூல் என்னுமிடத்தில் 1912இல் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்த அவர், 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்துக்கு ஓர் ஆய்வுரையை அளித்தார். ‘இலங்கையில் வலுப் பயன்பாட்டின் பொருளியல்’ என்பது அதன் தலைப்பின் பொருளாகும். அவருடைய எண்ணம் செயலாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. 1924இல் தொடங்கிய வேலை 1927இல் நின்றது. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்ட விமலசுரேந்திர அங்கும் அதனையே வலியுறுத்தினார். பணி மீண்டும் எடுக்கப்பட்டு, உலகப்போரினால் இடையூறுற்று, 1950இல் நோர்ட்டன் அணையும் 25 மெகாவாற்று ஆற்றலுள்ள லக்சபான நிலையமும் இயங்கத் தொடங்கின. 1958இல் அந்நிலையத்தின் ஆற்றல் இருமடங்காயிற்று.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய 50 மெகாவாற்று நிலையமும் எழுந்தன. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் பொல்பிட்டியவில் 75 மெகாவாற்று நிலையமும், 1974இல் புதிய லக்சபானவில் 100 மெகாவாற்று நிலையமும் வந்தன. 1983இலும் 1989இலுமாகக் கெனியன் நிலையம் 60 மெகாவாற்று ஆற்றலைப் பெற்றது. 2022இல் கித்துல்கலைக்கு அருகே புறோட்லண்ட்ஸ் நிலையம் 35 மெகாவாற்று ஆற்றலோடு சேர்ந்தது. முதலில் நிறுவப்பட்ட அளவுகளைக் கூட்டின் 370 மெகாவாற்று ஆகும். இதன் அமைப்பும் வியக்கத்தக்கது. காசல்ரீயில் தேங்கிய நீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றி நோர்ட்டனை அடைகின்றது. நோர்ட்டனிலிருந்து பழைய லக்சபான நிலையத்துக்கும், அங்கிருந்து பொல்பிட்டிய நிலையத்துக்கும், ஈற்றிற் புறோட்லண்ட்ஸ் நிலையத்துக்கும் இறங்குகின்றது. மவுசாக்கலை நீரும் கெனியன், புதிய லக்சபான வழியாக அவ்வாறே வந்து சேர்கின்றது. ஒரே நீர் நான்கு முறை வேலை செய்கின்றது. பொறியியல் என்ற வகையில் இதிற் குறைகூறத் தக்கது சிறிதே.

குறை கூறவேண்டிய இடம் வேறு. விமலசுரேந்திரவின் தலைப்பிலே தலைமைச் சொல்லாக நிற்பது ‘பயன்பாடு’ என்பதாகும். வலுவை ஆக்குதல் பற்றியன்றி, வலுவைப் பயன்கொள்ளுதல் பற்றியே அத்தலைப்புப் பேசுகின்றது. அவரைப் போற்றும் உரைகள் பலவும் அணையையும் அருவியையும் நினைக்கின்றன, இச்சொல்லை மறந்துவிடுகின்றன. பயன்பாடு என்னும் சொல்லைக் கையிற் கொண்டு மலையகத்துக்கு மீண்டும் வருவோமாயின், நாம் காண்பது முற்றிலும் வேறான காட்சியாகும்.

லக்சபானவுக்கு முன்னரும் தோட்டங்களில் நீர்வலு இருந்தது என்பதனை முதலில் நினைவுகூரல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே தோட்டக் கம்பனிகள் தம் எல்லைக்குள் ஓடும் சிற்றாறுகளை மறித்து, சிறு சுழலிகளை நிறுவித் தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கின. கொழுந்தை அரைக்கும் பொறிக்கும் துரை பங்களாவுக்கும் அவ்வலு பயன்பட்டது. தொழிற்சாலைக்கு அண்மையிலேயே இருந்த லயன் அறைகளிலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. தனியார் உடைமையாய் நீர்வலு இருந்த காலத்து நிலை இது.

அடுத்து, அரசு உடைமைக் காலம். லக்சபான மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறிக் கொழும்புக்குச் சென்றது. நகரங்களும் தொழிற்சாலைகளும் துறைமுகமும் அதனாற் பயன்பெற்றன. அது நாட்டுக்கு வேண்டியதே. அரசாங்க மின்சாரம் மலிவாகக் கிடைத்தமையால் 1960களிலும் 1970களிலும் தோட்டங்களிலிருந்த பழைய சுழலிகள் பல கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. ஆயினும் லயன் அறைகளின் விளக்கு மாறவில்லை. நாடு முழுவதிலுமே மின்சாரம் மெல்லப் பரவிற்று என்பதும் உண்மையே. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் வீடுகளில் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினைந்துக்கே மின்சாரம் இருந்தது. எனினும் தோட்டத் தொழிலாளரின் நிலை பிறர் நிலையினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. கிராமத்தவன் மின்கம்பம் தன் ஊருக்கு வரும்வரை காத்திருந்தான். லயனில் வாழ்ந்தவனோ கம்பம் வந்த பின்னரும் காத்திருக்க நேர்ந்தது. ஏனெனில் வீடு அவனுடையதன்று. வீடும் அது நின்ற நிலமும் தோட்டத்துக்குரியனவாதலால், நிருவாகத்தின் இசைவின்றி இணைப்புக் கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை.

பின்னர்த் தனியார் முதலீடு வேறோர் உருவில் மீண்டது. 1996இல் டிக் ஓயாவில் ஒரு மெகாவாற்றுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றலோடு சிறு நீர்மின் நிலையமொன்று தேசிய மின்தொகுதியுடன் இணைக்கப்பட்டது. நியம ஒப்பந்தம் ஒன்றின்கீழ் மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் தனியார் சிறு நிலையங்களின் வரிசை அதனோடு தொடங்கிற்று. மலையகத்து ஓடைகள் பலவற்றில் இன்று அத்தகைய நிலையங்கள் உள்ளன. பழைய சுழலியைப் போன்று அவை துருப்பிடிக்கவில்லை. நாட்டின் எண்ணெய்ச் செலவையும் குறைக்கின்றன. ஆயினும் அவை ஆக்கும் மின்சாரமும் ஒப்பந்தப்படி மின்தொகுதிக்கே விற்கப்படுகின்றது. ஓடைக்கரையில் வாழும் குடும்பத்துக்கு அவ்வொப்பந்தத்தில் இடமில்லை.

இம்மூன்று காலங்களையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தோட்டக் கம்பனி தொழிற்சாலைக்கு ஒளி தந்தது. அரசு நகருக்கு ஒளி தந்தது. புதிய முதலீட்டாளர் மின்தொகுதிக்கு விற்றார். உடையவர் மூவரும் வேறுவேறானவர். லயனைப் பொறுத்தவரை விளைவு ஒன்றே. ஆகவே, மின்சாரம் அரசிடம் இருத்தல் வேண்டுமா, தனியாரிடம் இருத்தல் வேண்டுமா என்னும் விவாதம் மட்டும் இக்குறையைத் தீர்க்காது. காணி உரிமை யாரிடம் இருந்தது, வாக்குரிமை யாரிடம் இருந்தது என்பவையே யார் வீட்டில் விளக்கு எரிவது என்பதனை முடிவு செய்தன.

வாக்குரிமை பற்றிக் கூறுவது விடயத்துக்குப் புறம்பானதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் குடியுரிமையை இழந்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து லக்சபானச் சுழலி சுழன்றது. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அம்மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. அடுத்த ஆண்டில் காசல்ரீ நிறைந்தது. 1969இல் மவுசாக்கலை நீர் உயர்ந்தபோது பழைய மஸ்கெலியா நகரமும் அதனைச் சூழ்ந்த தோட்டக் காணிகளும் மூழ்கின. அந்நகரத்துக் கோயிலும் பிற வழிபாட்டிடங்களும் நீர்மட்டம் மிகத் தாழ்ந்த கோடைகளில் இன்றும் வெளித்தெரிகின்றன. சட்டம் அவர்களை ஒதுக்கியதற்கும் அணைகள் எழுந்தமைக்கும் நேரான காரணத் தொடர்பு உண்டென யாம் கூறவில்லை. ஆயினும் ஆறு திசைமாறும்போதும், ஊர் மூழ்கும்போதும், மின்சாரம் பங்கிடப்படும்போதும் தம் பங்கைக் கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் அம்மக்களுக்கு வலிய குரல் இருக்கவில்லை என்பது மறுக்கவொண்ணாதது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமையை வழங்கிற்று. அதற்குள் மேற்களனியின் பெரிய நீர்த்தேக்கங்கள் யாவும் கட்டி முடிந்திருந்தன.

இனிச் சீர்திருத்தம் என்பதனை நோக்குவாம். 1969இல் அமைக்கப்பட்ட இலங்கை மின்சார சபை, ஆக்கல், செலுத்துதல், பங்கிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நடத்திற்று. 1983இல் சில நகரப் பகுதிகளின் பங்கீட்டுக்கென லங்கா மின்சாரக் கம்பனி தோன்றியது. 2002ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் சபையைப் பிரிக்கக் கருதியும் நடைமுறைக்கு வரவில்லை. அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை அமைத்தது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அவ்வாணைக்குழுவுக்கு மின்சாரத்துறையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைத் தந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்தது; 2025இல் அச்சட்டமும் திருத்தப்பட்டது.

சீர்திருத்தம் வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கு நீரிலிருந்தே கிடைத்தது. 1996இல் மழை பொய்த்தபோது நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. அதன்பின் எண்ணெயும், 2011 தொட்டு நுரைச்சோலை நிலக்கரியும் துணையாயின, செலவும் ஏறிற்று. கட்டணமோ 2013 முதல் ஒன்பது ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. இழப்பைப் பொதுப்பணமும் வங்கிக் கடனும் தாங்கின. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் இல்லாதபோது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடு இருண்டது. செலவுக்கேற்ற விலையின்றி எத்தொழிலும் நெடுங்காலம் நிலைக்காது என்னும் பாடத்தை மறுப்பதற்கில்லை.

ஆனால் அப்பாடம் யார் மீது எழுதப்பட்டது? மாதம் 30 அலகுக்குள் பயன்படுத்தும் வீடொன்றைக் கொள்வோம். 2022 ஆகத்து வரை அலகொன்றுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக, 30 அலகுக்கு அது செலுத்தியது 105 ரூபா. அவ்வாண்டு ஆகத்தில் அலகு 8 ரூபாவும் நிலையான கட்டணம் 120 ரூபாவும் ஆக, பட்டியல் 360 ரூபாவாயிற்று. 2023 பெப்புருவரியில் அலகு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் ஆக, அது 1,300 ரூபாவுக்கு ஏறியது. ஆறு மாதங்களிலே பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட உயர்வு! கட்டணங்கள் பின்னர்க் குறைக்கப்பட்டன என்பது உண்மை. எனினும் நாட்கூலியால் வாழும் ஒரு குடும்பம், நெருக்கடியின் முதல் அடியைச் செல்வரினும் மிகுந்த விகிதத்தில் தாங்கியது என்பதும் உண்மையே. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உடைய வீட்டின் சுமை, குளிரூட்டிய மாளிகையின் சுமையை விட விரைவாக ஏறியதனைச் சீர்திருத்தம் என்று அழைப்பதற்கு நா எழவில்லை.

இதற்கு மறுமொழியாக, குறைந்த அலகுக்கு என்றும் குறைந்த விலை இருத்தல் வேண்டும் என எளிதிற் கூறிவிடலாகாது. குறைந்த பயன்பாடு வறுமைக்கு எப்போதும் அடையாளமன்று. ஆண்டில் சில நாளே திறக்கப்படும் செல்வர் விடுதியின் மானியும் குறைந்த அலகையே காட்டும். ஒரே மானியில் இரண்டு குடும்பங்கள் வாழும் லயன் வீடோ உயர்ந்த படிக்கு ஏறிவிடும். அலகைப் பார்த்து உதவுவதினும் ஆளைப் பார்த்து உதவுவது அறிவுடைமை. அதற்கு வீட்டுக்கொரு மானியும், மானிக்கொரு பெயரும், அப்பெயருக்கு உரிமைப் பத்திரமும் முதலில் வேண்டும். இன்று பெரும்பாலான லயன்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது என மகிழ்வோர் இதனை மறத்தலாகாது. பழைய மரக்கூரைகளினூடே இழுத்த கம்பிகளில் மின்னொழுக்கு ஏற்பட்டு லயன் வரிசைகள் எரிந்த செய்திகளைப் பத்திரிகைகளிற் பலகாலும் காண்கின்றோம். ஒளி வந்ததென்பது மட்டும் போதாது. உரிமையோடும் காப்போடும் வருதல் வேண்டும்.

பிற நாடுகள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன? நீர்வலுவையே பெரிதும் நம்பிய நோர்வே, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஒரு நெறியை வகுத்தது. ஆற்றை ஆளும் உரிமம் பெற்றவர், ஆக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்து வரை, அவ்வாறு ஓடும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஆக்கச் செலவு விலையிலே தருதல் வேண்டும் என்பதே அது. அந்நாடு 1990இல் மின்சாரச் சந்தையைத் திறந்தபோதும் இந்நெறி கைவிடப்படவில்லை. நிலையங்களிற் பெரும்பகுதியும் பொதுவுடைமையாகவே நின்றது. இந்தியாவில் மத்திய அரசின் நீர்மின் திட்டங்கள், திட்டம் அமையும் மாநிலத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மின்சாரத்தை விலையின்றித் தரும் வழக்கம் உண்டு. 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, உள்ளூர் வளர்ச்சிக்கென மேலும் ஒரு பங்கையும், திட்டத்தாற் பாதிக்கப்பட்ட குடும்பமொன்றுக்குப் பத்து ஆண்டுகள் மாதம் 100 அலகையும் விதித்தது. விதித்தன யாவும் எங்கும் செவ்வனே நிறைவேறின எனக் கூறுவது மிகையாகும். ஆயினும் ஆறு ஓடும் ஊருக்கு ஆற்றின் பயனில் உரிமைப் பங்கு உண்டு என்னும் கொள்கை அங்கே எழுத்தில் ஏறியுள்ளது. இலங்கைச் சீர்திருத்த விவாதங்களில் அக்கொள்கை தலைமையிடம் பெறவில்லை.

மின்சாரம் நாட்டின் பொதுச்சொத்து. அணை இருக்கும் ஊர் தனியுரிமை கோருவது பிரிவினையாகாதா எனச் சிலர் வினவக்கூடும். பொதுச்சொத்து என்பதே எம் வாதத்துக்கும் அடிப்படையாகும். ஊரை மூழ்கவிட்டவர் கொடுத்தது பொதுச்சொத்துக்கான முதல். அது மட்டுமன்று: மேல்நிலத்து மண் கரைந்து நீர்த்தேக்கத்திற் படியுமாயின் தேக்கத்தின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும். அம்மண்ணைக் காப்பவை, சரிவுகளில் வெட்டப்படும் கான்களும் நடப்படும் நிழல்மரங்களும் மூடுபயிர்களும் ஆகும். அவற்றைத் தம் கையாற் செய்து வருவோர் தோட்டத் தொழிலாளரே. நீர்மின் நிலையத்தின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆயினும் அந்நிலையத்தின் ஆயுள் அவர் உழைப்பில் தங்கியுள்ளது. முதல் தந்தவருக்கும் காவல் செய்பவருக்கும் பங்கு தருதல் சலுகையன்று; கணக்கு.

ஆகவே, எந்தச் சீர்திருத்தச் சட்டம் வந்தாலும் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் தகும். மேற்களனி நீர் ஈட்டும் வருவாயில் அம்பகமுவை, மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரிமையாக ஒரு பங்கு எழுதப்பட்டுள்ளதா? தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றும் பிறர் இசைவை வேண்டாது தன் பெயரிலே இணைப்பும் மானியும் பெற வழியுண்டா? நெருக்கடி வரும்போது கட்டண உயர்வின் முதற்படி யார் தோளில் இறங்கும்? இவற்றுக்கு விடையில்லாத சட்டம், சபையை ஒன்றாக வைத்தாலும் பலவாகப் பிரித்தாலும், உடையவரை மாற்றுமேயன்றிப் பயன்பாட்டை மாற்றாது.

விமலசுரேந்திர தம் ஆய்வுரைக்கு இட்ட தலைப்பு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிறைவேறாத பணியாகவே நிற்கின்றது. அவர் எண்ணிய வலுவை நாம் ஆக்கிக்கொண்டோம்; அதன் பயன்பாட்டின் பொருளியலை இன்னும் எழுதி முடிக்கவில்லை. விளக்கடியில் இருள் இருப்பது இயற்கை என்று பழமொழி கூறி அமைதியடைதல் எளிது. அகல்விளக்குக்கு அது பொருந்தும், மின்விளக்குக்குப் பொருந்தாது. அதனை எங்கே தொங்கவிடுவது என்பது மனிதர் செய்யும் தீர்மானம். எஞ்சிய பகுதியை எழுதவேண்டியோர் நாளைய பொறியியலாளராகவும் பொருளியலாளராகவும் சட்டவல்லுநராகவும் வரவிருக்கும் இன்றைய மாணவரே. நோர்ட்டன் அணையைக் காணச் செல்லும் மாணவர், அணையை வியந்தபின் சற்றே திரும்பி, எதிர்ச்சரிவிலுள்ள லயன் வரிசையையும் நோக்குவாராக.